கணவா கேட்ட பேயும் நம்ம லான் டீச்சரும்

சாவி கிடைச்சிருச்சுங்க! மார்க்கெட் மாடி ரூம் இன்னும் ஒரு வருஷத்துக்கு நம்ம பிள்ளைங்களுக்குத்தான், லான் டீச்சரோட பட்டை வரைபட வகுப்பு நிக்காது, ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, கடைசில சொல்றேன், யாரும் எந்திரிச்சுப் போயிடாதீங்க!

ஐயோ, வணக்கம் சொல்ல மறந்துட்டேன். மேடையில இருக்குற மார்க்கெட் சங்கத் தலைவர் சுவாங் ஐயா அவர்களே, டீச்சரோட அண்ணன் அவர்களே, நம்ம கீலுங் ஊரு மழையில நனைஞ்சுக்கிட்டு வந்த பெற்றோரே, மீன் கடைக்காரங்களே, முன்னாடி தரையில உக்காந்து பிஸ்கட் பாக்கெட்ட சத்தமில்லாம பிரிக்கப் பாக்குற என் பிள்ளைங்களே, எல்லாருக்கும் வணக்கம்!

நான் செங்ருய். டீச்சர்கிட்ட படிச்சவன் இல்ல. டீச்சரோட ரசிகன்! ஒருநாள் போன்ல வீடியோ தள்ளிக்கிட்டே போறேன், ஒரு அம்மா மீன் வர்ற தெர்மாகோல் பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, "ஒரு பெட்டின்னா ஒரு ஆள்! எங்க, எல்லாரும் சொல்லுங்க!"ன்னு கத்துறாங்க. சுத்தி ஏழெட்டு வாண்டுங்களும் சேர்ந்து கத்துது. படம் பூகம்பம் வந்த மாதிரி ஆடுது. "டீச்சர், நான் வந்து கேமரா பிடிக்கவா?"ன்னு கமெண்ட் போட்டேன். "வா. வரும்போது கீழ மீன் கடையில ரெண்டு பெட்டி தூக்கிட்டு வா"ன்னு பதில் வந்துச்சு. அன்னைக்கு ஏறின மாடிதான், இன்னும் இறங்கல!

இப்ப அந்தப் பேய்க் கதைய சொல்லணும். சொல்லாம டீச்சர பத்திப் பேச முடியுமா?

எந்த மீன் பிடிக்கும்னு பிள்ளைங்கள கேட்டு, ஆளுக்கு ஒரு பெட்டி அடுக்கினாங்க. பக்கத்துச் சுவத்துல எண் எழுதுற வேலை நம்ம ஸின்யேவுக்கு. ஏழு வயசு. கீழருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சுன்னு எழுதிட்டா. கணவா மீன் அடுக்கு நேரா அஞ்சுல போய் நின்னுச்சு.

டீச்சர் "தப்பு"ன்னு சொன்னாங்களா? சொல்லவே இல்ல! "கணவா பிடிச்ச அஞ்சு பேரும் எந்திரிங்க"ன்னாங்க. நாலு பேர் எந்திரிச்சாங்க.

"அஞ்சாவது ஆள் எங்க?"

பிள்ளைங்க கதவுக்குப் பின்னாடி தேடுது, மேசைக்கு அடியில தேடுது. ஒருத்தி மெதுவா, "டீச்சர்... பேயா இருக்குமோ?"

"பேய்க்கு கணவா பிடிக்குமா?"

"வறுத்தா பிடிக்கும் டீச்சர்!"

நான் சிரிச்ச சிரிப்புல கேமரா மறுபடி ஆடிடுச்சு. ஸின்யேவுக்கு மட்டும் கண்ணு கலங்கிருச்சு. "எங்க வீட்டு லிஃப்ட்ல நாலே கிடையாது டீச்சர். அப்பா அத சொல்லவே கூடாதுன்னு சொல்லிருக்காரு."

அவ மேல என்ன தப்பு? நம்ம பாஷையில நாலுன்னு சொன்னா சாவுன்னு கேக்குதுன்னு பொத்தான்லருந்தே எடுத்துட்டது நாமதானே! டீச்சர் அவ பக்கத்துல உக்காந்து சொன்னாங்க: "லிஃப்ட் நாலை விட்டுட்டுப் போகலாம் கண்ணு. படிக்கட்டு போக முடியாது. வரைபடமும் படிக்கட்டு மாதிரிதான். நாம நாலை ஒளிச்சோம், பாரு, இல்லாத ஒரு ஆள் உள்ள வந்துட்டான்."

ஸின்யே எந்திரிச்சுப் போய் அஞ்ச அழிச்சா. நாலுன்னு எழுதினா. பேய் போயிருச்சு!

அடுத்தத டீச்சரோட அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லு தம்பி, எல்லாருக்கும் தெரியட்டும்"னாரு.

டீச்சருக்கு உடம்பு முடியாம போச்சு. டாக்டர் சொன்னத வீட்டுல டீச்சர்கிட்ட சொல்லல. வயித்துப் புண்ணு, சீக்கிரம் சரியாயிடும்னு சொல்லி வெச்சிருந்தாங்க. பாசத்துலதான். நம்ம வீடுகள்ல எல்லாரும் அப்படித்தானே செய்றோம்?

ஸின்யேவும் அவங்கப்பாவும் பாக்கப் போனாங்க, நானும் கூடப் போனேன். லிஃப்ட்ல கூட்டம், அதனால படியேறினோம். அவ தரைத்தளத்துலருந்து எண்ணிக்கிட்டே வந்தா. ரூம் கதவு திறந்ததும் முதல் பேச்சே, "டீச்சர்! அஞ்சுன்னு போட்டிருக்காங்க, ஆனா நீங்க நாலாவது மாடியில இருக்கீங்க!"

ஆஸ்பத்திரில! நோயாளி முன்னாடி! அவங்கப்பா மூஞ்சி வெளுத்துப் போய், "வாய மூடுடி!"ன்னு அதட்டுனாரு. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

டீச்சரா? சிரிச்சாங்க. சலைன் மாட்டுற கம்பி ஆடுற அளவுக்குச் சிரிச்சாங்க. "சரியா எண்ணிருக்கே!"ன்னு அவ கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் நிதானமா அண்ணன பாத்து, "இங்க ஒருத்திதான் நாலை விட்டுடாம சொல்றா. இப்ப நீ சொல்லு அண்ணா. எனக்கு எவ்வளவு இருக்கு?"

அண்ணன் சொன்னாரு. கொஞ்ச நாள்தான்னு சொன்னாரு.

டீச்சர் அழுதாங்க. அழுது முடிச்சதும் என்ன கேட்டாங்க தெரியுமா? போன்! சுவாங் ஐயாவுக்குப் போன போட்டு, "என் மார்க்கெட் மாடி ரூம்ல ஐஸ் பெட்டி அடுக்கப் போறீங்களாமே?"ன்னு ஒரு சண்டை! உண்மை தெரிஞ்சதாலதான் அந்தச் சண்டைய அவங்களே போட முடிஞ்சுது. இல்லன்னா டீச்சர் போனப்புறம் இன்னைக்கு இந்தச் சாவி நம்ம கைக்கு வந்திருக்குமா?

சுவாங் ஐயா போட்ட நிபந்தனை இதுதான்: "செவ்வாய், வியாழன், சனி, மூணு நாளுக்கும் சொல்லிக் கொடுக்க ஆள் காட்டு. ஒரு நாள் காலியா இருந்தாலும் ஐஸ் பெட்டிதான்." என்னங்கய்யா முறைக்கிறீங்க, நீங்க சொன்னதுதானே!

இதோ மேடையில பாருங்க. இதுதான் நம்ம வரைபடம். செவ்வாய்க்கு ரெண்டு பெட்டி: டீச்சர் வேலை பாத்த பள்ளிக்கூடத்துலருந்து ரெண்டு பேர். வியாழனுக்கு ஒண்ணு: என்னோடது. எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதுதான், கத்துக்குவேன்! சனிக்கிழமை? வெறும் தரை. நம்ம மேல இருக்குற மரியாதையில சுவாங் ஐயா சாவிய முன்னாடியே மேசையில வெச்சிட்டாரு. கூட்டம் முடியும்போது அந்தத் தரை காலியா இருந்தா, சாவி அவரோட கீழ இறங்கிடும்.

ஏய் ஸின்யே! பெட்டிய கீழ வை! உனக்கு ஏழு வயசுதான் ஆகுது, நீ சொல்லிக் கொடுக்க முடியாது... என்ன? "எனக்கில்ல, அப்பாவுக்கு"ங்கிறா! ஐயா, பின் வரிசையில இருக்கீங்களே, உங்களத்தான். வர்றீங்களா? வர்றாருங்க! பேர் எழுதுங்கய்யா. சனிக்கிழமை, ஒண்ணு!

ஒருத்தர் போதாதுங்க, காய்ச்சல் வந்தா யாரு வருவா? பேனா இங்க இருக்கு, பெட்டி இங்க இருக்கு. வரமாட்டேன்னா வைக்காதீங்க, பேயால வகுப்பு எடுக்க முடியாது. லைவ்ல பாக்குறவங்களும் கமெண்ட்ல பேர் போடுங்க, உங்க பெட்டிய நான் தூக்கி வைக்கிறேன். டீச்சர் சொன்னதுதான், ஒரு பெட்டின்னா ஒரு ஆள். எந்திரிச்சு வாங்க!