ரெண்டாந்தரக் கோழி

யுத்த காலம். ஆவடியிலிருந்து பட்டணம் போகும் மத்தியான ரயிலில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ராணுவ முகாமின் சமையற்கட்டில் வேலை செய்கிறவள் மடியில், வாழையிலையில் சுற்றிய, இறகு பறித்த முழுக்கோழி ஒன்று இருந்தது.

"பொண்ணு பாக்குறாப்புல பாக்குறாருக்கா கோழிய, கேம்புல கறி சோதிக்கிற அந்தத் துரை," என்றாள் அவள். "மாரு சதைய அமுக்கி, றெக்கையத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. தோலு தம்மாத்தூண்டு கிழிஞ்சிருந்துச்சு. ரெண்டாந்தரமாம். ஆபீசருங்க மேசைக்கு ஆவாதாம். நீயே எட்துக்கோன்ட்டாரு."

"கொயம்புல கொதிச்சப்புறம் தோலு கிழிஞ்சது யாருக்குத் தெரியும்?" என்றாள் மூத்தவள்.

"அதாங்க்கா. சாயங்காலம் மாப்ள ஊட்டுக்காரங்க கை நனைக்க வராங்கோ."

"அப்ப முடிஞ்ச மாதிரிதான்! பொண்ணு கன்னத்துல கீற தழும்பப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"பாக்க வந்த அன்னிக்கே கேட்டாங்கோ. சின்னதுல கஞ்சி கொட்டிச்சுன்னேன். மாப்ளயோட அம்மா சேலைய ஒதுக்கிக் கைய நீட்டிச்சு. முழங்கை வரைக்கும் தழும்புக்கா. 'எனக்கு எண்ணெ கொட்டிச்சு'ன்னுச்சு."