இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

கோயில் காரியம் என்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அம்பாள் பொறுக்க வேண்டும்.

டொரன்டோவில், ரூஜ் பக்கம் போகும் பஸ். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொருகும் நேரத்தில், முன் சீற்றில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்:

"நிலத்துக்குக் கீழை எனக்கும் ஒரு துண்டு மலை இருக்கு, சாந்தி."

"உங்கட மலையில ஆர் குடியிருக்கிறது? எனக்கு அஜக்ஸில ஒரு வீடு காணும்."

"இஞ்சை கனடா வடக்கை சுரங்க காம்பில சமைக்கேக்கை, துளைச்செடுத்த கல்லை மேசையில வைச்சுக் காட்டினாங்கள். உருளைக் கல்லு, நடுவில பச்சைக் கோடு. செம்பாம். அதையே பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் அந்தச் சுரங்கக் கொம்பனிப் பங்குதான் வாங்கினன்."

"அண்டைக்குச் சோறு எரிஞ்சிருக்குமே."

"ஓம், எரிஞ்சதுதான். சரி, கோயில்ல அம்மாளுக்கு முன்னாலை ரெண்டு பொட்டலத்தில பூக்கட்டி வைச்சு, ஒண்டை எடுத்துக் கேட்டாச்சு. சிவப்பெண்டால் பங்கை வைச்சிருக்கிறது, வெள்ளையெண்டால் வித்து வீடு. வெள்ளை வந்திட்டுது. நாளைக்கு விக்கிறன்."

அந்த அம்மா யன்னல் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ. ரெண்டு பொட்டலத்திலையும் நான் வெள்ளைதான் வைச்சனான்."

கணவர் கோபிக்கவில்லை.

"அதுதான் தீபம் காட்டேக்கை அழுதனீரோ?"

"ஓம்."

"அப்ப விப்பம். பூவுக்காக இல்லை, உமக்காக. ஒரு பங்கை மட்டும் வைச்சிருக்கட்டே?"

"வைச்சிருங்கோ."

இதை மற்றவர்களுக்குச் சொல்பவர்கள், அந்த அம்மாவுக்குத் தண்டனை கிடைத்ததென்றோ பங்கு விலை ஏறியதென்றோ எதையும் சேர்க்காமல், நான் கேட்டபடியே சொல்ல வேண்டும்.