நடுக்கத்துக்கு நான் சொன்ன காரணம்

என் அறையில் நோயாளிகள் அதிக நேரம் காத்திருந்ததே இல்லை. பல டாக்டர்களுக்கு இல்லாத நல்ல பழக்கம் அது. உங்கள் விசாரணையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழல் விளக்குத் தொழிற்சாலைக்கு நான்தான் டாக்டர். விளக்குக்குள் பாதரசம் விடுகிற பிரிவிலிருந்துதான் ஆட்கள் அதிகம் வருவார்கள். கை நடுங்கும், ஈறு வீங்கியிருக்கும், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார்கள். பாதரச ஆவி நரம்பைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சொன்னால் பிரிவை மூட வேண்டியிருக்கும். ஊரெங்கும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன; அத்தனைக்கும் வெளிச்சம் வேண்டுமே. அதனால், "குடியைக் கொறைப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பாதிப்பேர் குடிப்பவர்கள்தான், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். மீதிப்பேர் சத்தியம் செய்தாலும் அவர்கள் மனைவிமாரே நம்பவில்லை. டாக்டரே சொல்லிவிட்டாரே.

என் தங்கையின் கணவரும் அந்தப் பிரிவில்தான் இருந்தார். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். ஒருநாள் என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். கொடுத்த தண்ணீரில் பாதி மேஜையில் சிந்தியது.

"மச்சான், நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைன்னு உங்களுக்கே தெரியும். இது என்னன்னு சொல்லுங்க."

ஊராருக்கு ஒரு நியாயம், சொந்தத்துக்கு ஒரு நியாயமா? "குடிக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, மாப்பிள்ளை" என்றேன்.

மறுநாள் தங்கை வந்தாள். "நெஜமாவே குடிக்கிறாராண்ணா? வாசமே வரலியே."

"வாசம் வராத சரக்கெல்லாம் இப்ப வந்திருச்சும்மா."

அவரை வீட்டைவிட்டுத் துரத்தினாள். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் பேருந்து நிலையத்தில் கிடந்தார். போகிற வருகிறவர்கள் குடிகாரன் என்று ஒதுங்கிப் போனார்கள். அங்கேயே செத்தார். அதே ஜனங்கள்தான் இப்போது என் வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்கிறார்கள். கேட்கட்டும், தெருவில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவருடைய வேலை உடுப்புகளை வருஷக்கணக்காகக் கையால் துவைத்தவள் என் தங்கை. அடுத்த மழைக்காலத்தில் அவள் கையும் நடுங்கத் தொடங்கியது. "எனக்கு என்னண்ணா?" என்றாள். அவளைப் போய்க் குடிகாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவள் அல்லவா?

"புருஷனைத் துரத்திட்டோமேன்னு உள்ளுக்குள்ள ஏங்குறே, அதான்" என்றேன்.

அடுத்து அவளையும் விசாரிப்பீர்கள். உண்மையைச் சொல்லி அவள் மனதை நோகடித்துவிடாதீர்கள்.