பேரலுக்குள் என்ன இருக்கிறது?

தலைமை இருக்கைக்குத் தனி அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவி, வார்ப்படத் தொழிலின் வைரமணி நாச்சியம்மாள் அவர்களே! பீளமேட்டுப் பட்டறைகளைப் பேர்சொல்ல வளர்த்தெடுத்த பெரியோர்களே! பெருந்துறையிலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் தோழர்களே! மோட்டார்க் காயில் சுற்றும் கைகளாலேயே குடும்பத்தையும் தாங்கி நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அப்புசாமியின் அன்பான வணக்கம்.

மோட்டார் பம்பு செய்கிறவனுக்கு மேடையில் என்ன வேலை? என் பட்டறையில் நடந்ததைச் சொல்ல வந்தேன். அதில் கதாநாயகன் நான் இல்லை. முன்வரிசையில் என் மனைவி சிரிக்கிறார். அவருக்கு அது முன்பே தெரியும்.

சென்ற ஆண்டு, தொண்ணூற்றைந்து, சித்திரை மாதம். செம்புக் கம்பி சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கியெடுத்துச் சூட்டில் உலர்த்துவது எங்கள் வேலை. வார்னிஷை இளக்க ஒரு கலவை வாங்குவோம். பெயர் என்ன? ஸ்பெஷல் தின்னர்! உள்ளே என்ன? வாங்கிய எனக்கும் தெரியாது. அதில் கைவைத்த பெண்களுக்கும் தெரியாது. பத்தாண்டுகளாகத் தெரியாது!

மாலையானால் அந்தப் பெண்களுக்குத் தலை சுற்றும். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, பட்டறை வாசலில் இட்லிக்கு ஏற்பாடு செய்தேன். இட்லி தீர்ந்தது, தலைசுற்றல் தீரவில்லை.

ஒருநாள் தெய்வாத்தாள் என்பவர் வார்னிஷ் தொட்டி அருகிலேயே மயங்கி விழுந்தார். உடன் வேலைசெய்யும் ரங்கநாயகிதான் அவரைத் தூக்கி வெளிக்காற்றில் கிடத்தினார். எந்த இரசாயனத்தைச் சுவாசித்தார் என்று மருத்துவர் என்னைக் கேட்டார். ஊரையே பேசி ஜெயிக்கும் இந்த வாய், ஸ்பெஷல் தின்னர் என்ற பெயரை மட்டும் சொன்னது!

மூன்றாம் நாள் தெய்வாத்தாள் எழுந்து உட்கார்ந்தார். அன்றே பட்டறைக்குத் தின்னரின் புதுப் பேரலும் வந்தது. ரங்கநாயகி அதன் மூடிமேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க மொதலாளி, இதுல என்ன இருக்குதுன்னு சொல்லிப்போட்டுத் தொறங்க. தெரியாம இனி நாங்க கைவெக்க மாட்டமுங்க."

கோபம் வந்ததா? வந்தது. அதைவிட வேகமாக வெட்கம் வந்தது. அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு, பெருந்துறையில் கலவை தயாரிக்கும் அருள்குமாரிடம் போனேன். டீ கொடுத்தார், விவரம் கொடுக்கவில்லை. கலவையின் பக்குவம் தொழில் இரகசியம் என்றார்.

"உங்க பக்குவம் உங்ககிட்டயே இருக்கட்டுங்க," என்றார் ரங்கநாயகி. "ஒடம்பக் கெடுக்கறது எது, எவ்வளவு, அது மட்டும் போதுமுங்க."

அருள்குமார் சன்னல் வழியாகத் தன் ஆலையைப் பார்த்தார். அங்கே நான்கு பெண்கள் அதே கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவரும் மூலப்பொருளை வேறிடத்தில் வாங்குகிறவர், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. கலவையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பத்தாம் நாள் முடிவைத் தாமே கொண்டுவந்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பென்சீன்! இரத்தத்தையே கெடுக்கும் பென்சீன்!

"நானும் கேக்காமயே வித்துப்போட்டேனுங்கண்ணா," என்றார்.

அந்த முடிவைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் நானே கொடுக்கப் புறப்பட்டபோது, நீயாகப் போய் மாட்டிக்கொள்கிறாயே என்றார்கள் நண்பர்கள். அவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். போனேன். அதிகாரி என்னைக் கண்டித்தார். காற்றை வெளியேற்றும் விசிறிகள் வைக்கச் சொன்னார். அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முடிவு வந்தது, பட்டறையில் பதினேழு பேருக்கும் குறையில்லை! தெய்வாத்தாள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அதோ, கையாட்டுகிறார்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

இன்று அருள்குமாரின் கலவையில் பென்சீன் இல்லை. இருப்பது இன்னதென்று ஒவ்வொரு பேரலிலும் தமிழில் எழுதி வருகிறது.

பாலில் என்ன கலந்தாய் என்று பால்காரரைக் கேட்கிறோம். நாளெல்லாம் நம் மக்களின் மூச்சில் கலப்பதைக் கேட்க நாக்கு ஏன் தயங்குகிறது? சாயம் கலக்குவோரே, கேளுங்கள்! பசை காய்ச்சுவோரே, சொல்லுங்கள்! பெயிண்ட் அடிப்போரே, எழுதிக் கொடுங்கள்!

என் பட்டறையின் பட்டியலை இதோ தலைவியிடம் தருகிறேன். எட்டுக் கலவைகள். ஏழுக்கு விவரம் இருக்கிறது. எட்டாவதற்கு விற்றவர் இன்னும் பதில் தரவில்லை; அந்த டின் இன்றுவரை திறக்கப்படவில்லை.

வெயிலிலும் நகராமல் செவிகொடுத்த உங்கள் அன்புக்குத் தலைவணங்கி, நெஞ்சம் நிறைந்த நன்றியுடன் அமர்கிறேன். வணக்கமுங்க!