‘சரி’ மட்டும் மிஞ்சிய மனிதர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, கற்பதற்கு அகவை தடையில்லை என்று காட்ட முன்வரிசையில் முந்தி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அறிவை ஏற்ற வந்திருக்கும் தாய்மார்களே, பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு மாலையில் தத்துவம் பயிலப் பெயர் கொடுத்திருக்கும் புதிய மாணவர்களே, நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் சாய்ந்து நிற்கும் தோழர்களே, உங்கள் ஒவ்வொருவர்க்கும் என் உளமார்ந்த வணக்கம்.

இந்த மாலை வகுப்பின் முதல் பாடம், மனிதர் என்றால் யார் என்பது. மேடையேறும் முன் தலைவர் என் காதோரம், “டீச்சர், தலைப்பு சின்னதாதான் இருக்கு, சீக்கிரம் முடிச்சிருவீங்கல்ல?” என்றார். சிரிக்காதீர்கள், அவர் கவலை அவருக்கு. தலைப்பு சின்னதுதான். ஆனால் மனித குலம் இன்னும் அதை முடித்தபாடில்லை.

சிந்திப்பவர் மனிதர் என்பார்கள். பேசுபவர் மனிதர் என்பார்கள். தன்னைத் தான் அறிந்தவர் மனிதர் என்பார்கள். அவற்றை வகுப்பில் அலசுவோம், அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்போம். இன்று மட்டும் உங்களை என் மாமனாரின் ரொட்டிக்கடைக்கு அழைத்துப் போகிறேன்.

என் மாமனார் பிடிவாதத்தைப் பிசைந்து செய்த மனிதர். காலையில் சுட்ட ரொட்டியை மாலையில் விற்க மாட்டார். பாதி விலைக்குக் கேட்டாலும் மாட்டார். வீட்டுச் சுவருக்குப் பூச என் மாமியார் ஒரு வண்ணம் சொன்னார், இவர் மறுத்தார், அவர் வேறு சொன்னார், அதையும் மறுத்தார். நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதும் சுவர் வெறும் சுவராகவே நின்றது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் அடுப்பின் முன்னே மாவுத் தட்டோடு சரிந்தார். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பினார். வலக்கை போயிற்று, வலக்கால் தளர்ந்தது, பேச்சு போயிற்று. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது. ‘சரி’ என்ற சொல்.

சாப்பிட்டீங்களா? சரி. வலிக்குதா? சரி. யாரு வந்திருக்காங்க பாருங்க? சரி.

பயிற்சி தர வந்த பெண்மணி தெளிவாகச் சொன்னார். “அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்ல நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது இந்த ஒரு சொல்லு. சரின்னு சொன்னதும் சம்மதம்னு எடுத்துக்காதீங்க.” நாங்களும் தலையாட்டினோம். ஆனால் சம்மதத்தைப் போல வசதியான சொல் வேறு உண்டா? வந்த உறவினர்கள் நெகிழ்ந்துபோனார்கள். என் மாமனாரின் தங்கை, அண்ணனோடு ஆயுளெல்லாம் சண்டை போட்டவர், அவர் கன்னத்தைத் தடவிச் சொன்னார். “எவ்வளவு பக்குவம் வந்திருச்சு பாருங்க. எங்க அண்ணன் இப்பதான் மனுசனா ஆயிருக்காரு.”

அவையோரே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். எதையும் மறுக்காதவர் ஆனதும் மனிதர் ஆகிவிட்டாராம்.

இதற்கிடையே கடையைத் தாங்கியவர் என் மாமியார். எரியும் அடுப்பும் அவரும் என்றாகிவிட்டது. மூத்த மகனுக்கோ, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, கடையை விற்றுவிட வேண்டும். அவரைக் கெட்டவராக நினைக்காதீர்கள். அடுப்பை நடத்த ஆளில்லை, அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும், அவர் கவலை நியாயமானது. பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் இடைச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கக் காத்திருந்தார். “அப்பா, கடையைக் குடுத்துரலாமா?” என்று மகன் கேட்டார். விடைதான் உங்களுக்குத் தெரியுமே.

பேசி முடிக்கச் செருப்புக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து அமர்ந்தார். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். மூத்தவர் மீண்டும் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சரி என்றது மாமனாரின் வாய். மாமியார் எழுந்து வந்தார்.

“இருங்க. கடையை விக்கவே வேணாம். சரியா?”

“சரி.”

“கூரையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?”

“சரி.”

மாமனாரின் கண்ணோரம் நனைந்திருந்தது. தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுப்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மனுசன் கல்யாணமான நாள்லேருந்து எதுக்கும் ஒரு தடவையில சரின்னு சொன்னவர் இல்ல,” என்றார் மாமியார். “இப்ப எல்லாத்துக்கும் சொல்றார்னா, சொல்றது அவர் இல்ல.”

மூத்தவர் தலைகுனிந்தார். “நான் ஏமாத்தணும்னு நினைக்கலம்மா.”

“தெரியும்டா. ஆனா நீ கேட்டது உங்கப்பாவை இல்ல, அவர் வாயை.”

பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கணவரின் எதிரே அமர்ந்து, வலுவுள்ள இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “உங்க பேச்சை உங்க வாய் கேக்கல. கை கேக்கும்ல? ஆமான்னா விரிங்க. இல்லைன்னா மூடுங்க. முதல்ல இதைச் சொல்லுங்க, என் சமையல் நல்லாருக்கா?”

கை கப்பென்று மூடிக்கொண்டது.

நீங்கள் இப்போது சிரித்ததைப் போலத்தான் கூடமே சிரித்தது, செருப்புக்கடைக்காரர் உட்பட. எத்தனையோ மாதங்களுக்குப் பின் அந்த வீட்டில் அவருடைய ‘இல்லை’ கேட்டது. மாமியாரின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“இப்ப சொல்லுங்க. கடையை விக்கலாமா?”

மூடுவார் என்றே நாங்கள் அனைவரும் நினைத்தோம். நானும் நினைத்தேன், மாமியார் உறுதியாக நம்பினார். மாமனார் தன் கையையே வெகுநேரம் பார்த்தார். மெல்ல விரித்தார்.

“வச்சுக்கலாமா?” மாமியாரின் குரல் இறங்கியிருந்தது. கை மூடியது.

“ஏங்க?”

காரணம் சொல்ல அவரிடம் சொல் ஏது? அந்தக் கை நீண்டு, மாமியாரின் முன்கையைத் தொட்டது. அடுப்பு வாயில் கையை விட்டு விட்டு வெந்து கறுத்த தழும்புகள் முழங்கைவரை கிடந்தன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.

“இதுக்காகவா கடையை விப்பாங்க?” என்றார் மாமியார்.

“சரி,” என்றார் அவர்.

அது எந்தச் சரி, வாயுடையதா, அவருடையதா என்று எங்களுக்கு விளங்கவில்லை. மாமியாருக்கு விளங்கியது. கையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கடை கைமாறியது. பல நாள் அவர் கணவரோடு பேசவே இல்லை. உணவைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமனாரோ அந்த நாட்களில் நிமிர்ந்து உட்கார்ந்தார், நன்றாகச் சாப்பிட்டார். விழுந்த நாளிலிருந்து எல்லோரும் அவருக்காக இரங்கினார்களே தவிர, அவரோடு பிணங்கியவர் யார்? நாற்காலியோடு யாராவது பிணங்குவார்களா? மனிதரோடுதான் பிணங்க முடியும்.

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், “அப்புறம் ராசியானாங்களா?” ஆனார்கள், அம்மா. சுவருக்கு வண்ணமும் பூசியாயிற்று. மாமனார் கை மூடி மறுத்த வண்ணத்தைத்தான் மாமியார் பூசினார். இன்று காலை மாமனாரிடம், இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். கை விரிந்தது.

அன்பர்களே, என் மாமியார் கேட்டது தனக்குச் சாதகமான விடைக்காக. கிடைத்ததோ பாதகமான விடை. ஆனாலும் அதைத் திருத்தவில்லை, திரிக்கவில்லை, கேளாதது போல் மறைக்கவில்லை. அந்த இடத்தில்தான் தத்துவம் தன் தலையை நிமிர்த்துகிறது. எந்த உயிரின் விடையை நீங்கள் அதன் சார்பில் எழுத முடியாதோ, எந்த உயிரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்களோ, அந்த உயிரே மனிதர். பேச்சு போகலாம், பலம் போகலாம், நினைவே மங்கலாம். கேட்கப்படும் உரிமை போகாது.

உங்கள் வீட்டில் கேட்கப்படாதவர் யார்? எந்தப் பள்ளி என்று கேட்கப்படாத குழந்தையா, எந்த வாழ்க்கை என்று கேட்கப்படாத மகளா, எந்த மருந்து என்று கேட்கப்படாத நோயாளியா? உங்கள் வேலையிடத்தில், எதிர்த்துப் பேசாததாலேயே நல்லவர் என்று பெயரெடுத்தவர் யார்? அவரிடம் போங்கள். எதிரே அமருங்கள். கேளுங்கள். விடை வரும்வரை பொறுங்கள். வந்த விடை உங்கள் நெஞ்சைச் சுட்டாலும் அதை அவருடையதாகவே விட்டுவையுங்கள்.

இவ்வளவு நேரம் நானே பேசினேன், நீங்கள் பொறுத்தீர்கள். வாய்ப்பளித்த தலைவருக்கும் செவிகொடுத்த உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மறுப்புகளை மடியில் கட்டிக்கொண்டு நாளை வகுப்புக்கு வாருங்கள். வணக்கம்.