யாரும் ஏலம் கேட்காத சொல்

பொன்னேரியில் ரயிலேறினால் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் என் பாதி வேலை முடிந்துவிடும், சார். உட்கார இடம் கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துவிடுவேன். நான் வேலையில் சோம்பியவன் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுப்பராயன் டாக்டரின் நர்சிங் ஹோமுக்கு இணைய விளம்பரம் போட்டது நான்தான். பத்துப் படுக்கை, ஒரு எக்ஸ்ரே மெஷின். யாராவது போனில் ஆஸ்பத்திரி என்று தேடினால் எங்கள் பெயர் மேலே வர வேண்டும். அதை அவர்கள் தொடும் ஒவ்வொரு முறைக்கும் நாங்கள் பணம் கட்ட வேண்டும். யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள் பெயர்தான் மேலே வரும். அந்தச் சொல்லைச் சென்னை ஆஸ்பத்திரிக்காரர்களும் ஏலம் கேட்டு, ஒரு கிளிக் நூற்றுப்பத்து ரூபாய்க்குப் போய்விட்டது.

"இன்னா அன்பு, ஜுரத்துக்கு வர்றவன்கிட்ட நான் வாங்கறதே எரநூறு. இப்டியே போனா ஆஸ்பத்திரிய மூடிக்கினு போவ வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

நியாயமான பேச்சு. அதனால் யாரும் கேட்காத சொல்லாகத் தேடினேன். "தீக்காயம் கும்மிடிப்பூண்டி" கிடைத்தது. இத்தனை உருக்காலைகள் உள்ள ஊரில் அதற்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்திருக்கலாம்.

தேடிய சொல்லும், விளம்பரமும், தொட்டால் திறக்கும் பக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, விளம்பரம் போடும் கம்பெனிக்காரர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், சார். மதிப்பெண் குறைந்தால் விலை ஏறும். எங்களுக்கு மூன்று. எங்கள் பக்கத்தில் தீக்காயம் என்ற பேச்சே கிடையாதே. எழுதினேன்: "தீக்காயத்துக்குத் தனி வார்டு, இருபத்து நான்கு மணி நேரமும்." ஒன்பது வந்தது. கிளிக் நாலு ரூபாய்க்கு இறங்கியது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வார்டு இல்லை. டாக்டரிடம் சொன்னேன். "மாடில கட்டிக்கலாம், உடு" என்றார்.

மார்ச்சில் ஒரு மதியம், உலையில் வெந்துபோன சின்னதுரையைக் கொண்டுவந்தார்கள். கம்பெனி வண்டி சென்னைக்குத்தான் கிளம்பியிருக்கிறது. கூட வந்த சக தொழிலாளி அந்தோணி போனில் தேடிப் பார்த்து, வண்டியை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். முதலுதவி செய்து, சென்னைக்கே கொண்டுபோங்கள் என்று நர்ஸ் சொல்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. சின்னதுரையின் மனைவி கிரேஸ் என்னிடம் வந்தார்.

"வார்டு இருக்குதுன்னு போட்டுக்கினு கீறீங்களே, எங்கண்ணா அது? காட்டுங்கண்ணா."

நான் மாடியைக் கை காட்டினேன். அவர் ஏறிப் போனார். அங்கே சிமெண்டு மூட்டைகள் இருந்தன. இறங்கி வந்தவர் நேரே போய் வண்டியில் ஏறிக்கொண்டார். சென்னை போகும் வழியில், செங்குன்றம் தாண்டுவதற்குள் சின்னதுரை இறந்துவிட்டார்.

அந்தப் படிக்கட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று திரும்பும் ரயிலில், யார் என்ன தேடி எங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அந்தோணி தட்டியது அப்படியே இருந்தது: "தீக்காயம் ஆஸ்பத்திரி பக்கத்துல சீக்கிரம்." நாங்கள் ஏலம் கேட்ட சொற்களில் அது அப்படியே இல்லை. சேர்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதற்குப் பத்துக்குப் பத்து வந்தது. எங்கள் இணையப் பக்கத்தில் இருந்த "தனி வார்டு" என்ற வரியை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மறுபடியும் மூன்றுதான்.

அதன் பிறகு அதே சொல்லைத் தட்டி மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் பிழைக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள், சார்: நான் யாரையும் வா என்று கூப்பிடவில்லை. தேடியவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.