பூரானுக்குப் பேர் வைக்கிறவர்

ஆமா மாமா, பூரான்தான். நீங்க சரியாத்தான் கேட்டேள். எங்காத்துக்காரர் காலேஜிலே ஜூவாலஜி வாத்தியார்னு தரகர் சொன்னாரோல்லியோ, இதைச் சொல்லியிருக்க மாட்டார். பஜ்ஜி எடுத்துக்கோங்கோ. இவர் மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருக்கார், வந்துடுவார். மாமி உள்ளே எங்க பொண்ணு வாலாம்பாளோட பேசிண்டிருக்கா, பேசட்டும்.

ஞாயித்துக்கிழமைன்னா பம்பாயிலே இந்த மாதுங்காவே கோயிலுக்குப் போகும். இவர் லோக்கல் ரயில் பிடிச்சு செம்பூர் போய் மண்ணைக் கிளறுவார். இது ஆத்துச் சுவத்திலே ஓடற பூரான் இல்லையாம். மண்ணுக்குள்ளேயே குடித்தனம், கண்ணே கிடையாது. கால் ஜோடியை எண்ணினா எப்பவும் ஒத்தைப்படைதானாம். மைக்ராஸ்கோப்பிலே வாயையும் நகத்தையும் பாத்து எந்தக் குடும்பம்னு சொல்லிடுவார். நாம கோத்திரம் பாக்கறாப்லேதான்னு வெச்சுக்கோங்கோ. புதுசா ஒண்ணு அகப்பட்டா பேர் வைக்கற பாக்கியம் இவருக்கு. யாருக்கு மரியாதை பண்ணணுமோ அவா பேரை வைக்கறது வழக்கமாம்.

மொதல்லே பிரின்சிபால் பேரை வெச்சார். பிரமோஷன் வரப்போறதுன்னு நான் பாயசம் வெச்சேன். என்னைப் பாத்தா பூரான் மாதிரியா இருக்குன்னு கேட்டாராம் அந்த மனுஷன். இவர் இன்னும் அதே பழைய நாற்காலியிலேதான் உக்காந்திருக்கார்.

அடுத்தது இவரோட அக்கா ஆத்துக்காரர், கல்யாண் ஊர்லே இருக்கற சந்திரமௌலி அத்திம்பேர். அவரோட அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லாரும் வேஷ்டி, அங்கவஸ்திரம்னு கொண்டுபோனா. இவர் சபையிலே எழுந்து நின்னு பூரான் சமாசாரத்தைச் சொன்னார். சாஸ்திரிகளே சிரிச்சுட்டார். அப்புறம் கல்யாண்லேர்ந்து ஒருத்தரும் இந்தப் படி ஏறலே. எதுக்குக் கோபம்னு இவருக்கு இன்னும் புரியலே. உலகம் இருக்கறவரைக்கும் அழியாத பேராச்சேங்கறார்.

சிரிங்கோ, தப்பில்லே. நீங்க சிரிக்கறது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா. மனுஷர் தங்கம் மாமா. கபடமே தெரியாது. ஜாதகம் பொருந்தித்துன்னு தகவல் வந்த அன்னிக்கு, சம்பந்திக்கு நல்லபடியா ஒண்ணும் செய்ய நமக்கு வக்கில்லையேன்னு கண் கலங்கிட்டார். சாப்பாடே இறங்கலே.

போன வாரம் செம்பூர்லேர்ந்து வரச்சே முகமெல்லாம் சிரிப்பு. புதுசா ஒண்ணு அகப்பட்டிருக்கு.

செருப்புச் சத்தம் கேக்கறது, வந்துட்டார். உங்க முழுப்பேரை இங்கிலீஷ்லே எப்படி எழுதறதுன்னு கேப்பார். எழுந்து போயிடாதேங்கோ மாமா. குழந்தைக்கு உங்க பிள்ளையை ரொம்பப் பிடிச்சிருக்கு.